ஆறாவது மனை

ஆர்போர்க், மானிட்டோபா
டிசம்பர் 11

மாக்சின்,

தொட வேண்டாம் என்று நான் கோடு போட்டு ஒதுக்கி வைத்த இடத்தில் நீ வீடு கட்டிவிட்டாய். நீ செய்தது இதுதான். இதை மென்மையாகச் சொல்ல வழி இருக்கலாம். நான் தேடப் போவதில்லை.

கான்வாஸ் வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. லோர்ன் புதன்கிழமையே தபால் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறான். எடுத்தவன் தன் வண்டியின் பின்தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்துவிட்டான். மைனஸ் முப்பத்தொன்றில் கிடந்து பொட்டலம் பலகை மாதிரி விறைத்திருந்தது. பெற்ற பிள்ளை என்று பெயர்.

சமையலறை மேசையில் விரித்தேன். ஆளுக்கொரு மனையில் ஆளுக்கொரு கட்டடம் தைத்துத் தெருவாக்குவதற்காக, ஒரு வருடமாக ஆறு பேர் கையில் சுற்றிவிட்டு வீடு திரும்பிய துணி. முதல் மனையில் வில்மாவின் தானியக் கிடங்கு. அவள் எப்போதும் போல நூலை இழுத்துப் பிடித்துத் தைத்து துணியைக் கோணலாக்கியிருக்கிறாள், ஆனால் கோட்டுக்குள் இருக்கிறாள். அடுத்தது ஐஸ் அரங்கம், அடுத்தது தேவாலயம், அடுத்தது அந்த ஒன்டாரியோக்காரியின் பள்ளிக்கூடம். எல்லாரும் கோட்டுக்குள். ஐந்தாவது மனை உன்னுடையது. ஆறாவது என்னுடையது. இரண்டுக்கும் நடுவே ஊதா நிறத்தில் தடித்த கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், மேலே, என் கையெழுத்தில் 'தோராவின் மனை, தொடாதே' என்று இருக்கிறது. நீ வானத்தை இடைவெளி விட்டு லேசாகத் தைத்திருக்கிறாய் அல்லவா, அந்த இடைவெளி வழியாக ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. கோடு உன் கூரைக்கு அடியில் நுழைந்து, படிக்கட்டுக்குக் கீழே வெளியே வருகிறது. அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு நீளமான டிரெய்லர் வீட்டைத் தைத்திருக்கிறாய், இரண்டு கதவு வைத்து.

அந்த இடம் எதற்கென்று உனக்குத் தெரியும். அவரவர் அதிக காலம் இருந்த கட்டடத்தைத் தைப்பது என்று எல்லாரும் முடிவு செய்தபோது, நான் மட்டும் கடைசியாக இருக்கப் போகும் வீட்டைத் தைப்பேன் என்றேன். எனக்கு எண்பத்தொன்று. லோர்ன் இந்த வீட்டை விற்றுவிட்டு என்னை வின்னிபெக்கில் முதியோர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வைக்கப் பார்க்கிறான். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லும்வரை அந்த மனை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கோடு. அதை யூமாவில் உட்கார்ந்துகொண்டு நீ நிரப்பிவிட்டாய்.

வேலையைப் பற்றியும் சொல்கிறேன். கூரையில் ஏழாவது வரிசையில் நீலம் மாறுகிறது. ஒரே தொட்டியில் சாயம் தோய்ந்த நூலா என்று பார்த்து வாங்கத் தெரியாதா, நாற்பது வருடம் தைக்கிறவளுக்கு? வலப்பக்கக் கதவுக்குக் கைப்பிடியே இல்லை. இது மறதியா, சோம்பலா? வசந்த காலத்தில் கண்ணில் புரை எடுத்தார்களே, சரியாக எடுத்தார்களா என்று போய்க் கேள்.

துணியைத் திருப்பி அனுப்ப மாட்டேன். நீ பிரித்தால் கிழிப்பாய். செய்தது தவறு என்று எழுதி அனுப்பு, மற்ற நாலு பேருக்கும் ஒரு பிரதி அனுப்பு.

இந்த வருடம் உனக்குக் கொடிமுந்திரி அடுக்கு கேக் கிடையாது. செய்தேன். ஏழு அடுக்கு. உனக்கில்லை.

தோரா

*

யூமா, அரிசோனா
டிசம்பர் 21

அன்புள்ள தோரா,

கடிதத்தைப் பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. டிசம்பர் மாதத்தில் உன்னிடமிருந்து கேக் இல்லாமல் வெறும் உறை வந்தால், ஒன்று நீ செத்திருக்க வேண்டும், இல்லை நான் ஏதோ செய்திருக்க வேண்டும். உறை மேல் இருந்தது உன் கையெழுத்து, அதனால் இரண்டாவதுதான்.

எந்தக் கோடு?

கிண்டலாகக் கேட்கவில்லை. துணி என்னிடம் வந்தது ஆகஸ்ட் பதினேழு. தபால் நிலையத்தில் வாங்கிக் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, அப்படியே கண் டாக்டரிடம் போனேன். மூன்று மணி நேரம். திரும்பி வந்தபோது ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை, தொட்டால் தோல் போகும். வீட்டுக்கு வந்து, கை கழுவி, மேசையைத் துடைத்து, விரித்தேன். நாலு கட்டடம் இருந்தது. அதற்கப்புறம் வெறும் கான்வாஸ், ஓரத்தில் நீ மடித்துத் தைத்த எல்லை வரைக்கும். கோடு இல்லை. எழுத்தும் இல்லை. கூடவே வரும் நோட்டில் உன் ஒரே வரி: 'அவரவர் கோட்டுக்குள் தைக்கவும்.' துணியை ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். பக்கத்து டிரெய்லர் ரோசால்பாவைக் கூப்பிட்டுக்கூடக் கேட்டேன்.

"தோராவோட துணியில கோடு இல்லையா? அந்தம்மா தட்டுல உருளைக்கிழங்குக்கும் பட்டாணிக்கும் நடுவுலயே கோடு போடுவாங்கன்னு சொல்லுவியே!" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. சொல்லிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தால் முழுவதையும் வைத்துத் திட்டு.

ஜூலையில் உனக்கு ஒன்று எழுதினேன். ஸ்டான் போய் நான் விதவையாகி இரண்டு வருடம் ஆகிறது, டிரெய்லரின் அந்தக் கோடி அறை சும்மா கிடக்கிறது, தனி வாசல் இருக்கிறது, குளிர்காலத்துக்கு நீ இங்கே வந்துவிடு, பிடித்தால் அப்படியே இரு என்று. நீ நாலு பக்கம் பதில் போட்டாய். ஏரிப் பூச்சி பற்றி ஒரு பக்கம், மழை பற்றி ஒன்று, வில்மாவின் இறுக்கமான தையல் பற்றி இரண்டு. நான் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாதம் துணி வருகிறது. என் மனைக்கும் உன் மனைக்கும் நடுவே கோடு இல்லை.

இந்தப் பொம்பளை வாயால் சொல்லமாட்டாள், துணியால் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் தோரா. போதுமா?

அதனால்தான் நீள வீடு, அதனால்தான் இரண்டு கதவு. வலப்பக்கக் கதவுக்குக் கைப்பிடி இல்லாதது மறதியும் இல்லை, சோம்பலும் இல்லை. அதை வைக்க வேண்டியவள் நான் இல்லை.

நீலத்தைப் பற்றி: நூல் தீர்ந்துவிட்டது. அதே எண் நூலுக்காக நானும் ரோசால்பாவும் அவள் வேனில் மூன்று மணி நேரம் ஃபீனிக்ஸ் போனோம். கடைக்காரி சாய எண்ணைப் பார்த்துவிட்டு, "இது பத்து வருஷப் பழசும்மா, இந்தத் தொட்டி காஞ்சே போயிருக்கும்" என்றாள். இருந்ததில் கிட்டத்தட்ட ஒத்துப்போனதை வாங்கினோம். வழியில் பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் குடித்து ரோசால்பா வேன் முழுக்கக் கொட்டினாள். நல்ல நாள் அது.

கண் நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தில் 'சோம்பலா' என்ற இடத்தில் பேனா தாளைக் குத்தி ஓட்டை போட்டிருப்பதுவரை தெரிகிறது.

கோடு இல்லை. செய்யாத தவறுக்கு எழுதித் தர மாட்டேன். ஆனால் நீ சொன்னதாக நான் நினைத்ததை நீ சொல்லவே இல்லையா? அதை மட்டும் எழுது.

மாக்சின்

*

ஆர்போர்க்
ஜனவரி 2

மாக்சின்,

இத்துடன் இரண்டு புகைப்படம். லோர்ன் எடுத்தது. ஒன்றில் துணி முழுவதும், மற்றொன்றில் உன் படிக்கட்டுக்குக் கீழே கோடு வெளியே வரும் இடம். பக்கத்தில் அளவுக்கு ஒரு கரண்டி வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி தேவைப்படாது.

வில்மாவையும் கேட்டேன். என் மேசையில் உட்கார்ந்து, சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, இதே கோடுதான். என்கிட்ட வந்தப்பவும் இருந்துச்சு. நான்தான் பாத்துப் பாத்துத் தச்சேனே. உன் கோட்டைத் தாண்டிட்டு ஊருல இருக்க முடியுமா?" என்றாள். மற்ற மூவரும் இதையே எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் பார்த்த கோடு உனக்கு மட்டும் இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஜூலையில் நீ எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதாதது சம்மதம் என்று உனக்கு யார் சொன்னது? இந்த ஊரில் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லாமல்தான் இருக்கிறேன். அப்படிப் பார்த்தால் பாதிரியார், பால்காரர், லோர்ன் எல்லாருடைய வீட்டுக்கும் நான் குடிபோக வேண்டும்.

லோர்ன் நேற்று மறுபடி வந்தான். புத்தாண்டுக்கு வந்தவன் கையில் குடியிருப்பின் படம் போட்ட அட்டை.

"அம்மா, மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு. கைவேலைக்குன்னே தனி ரூம் வெச்சிருக்காங்க."

"யாரு சொல்லிக் கொடுப்பா?"

"ஒரு டீச்சர் வராங்களாம், செவ்வாய்க்கிழமை தோறும்."

"எனக்கா? நான் இருபத்தாறு வயசுல பனிக்காலத்துல தனியா உக்காந்து, நூலகத்துல எடுத்த ஒரே புத்தகத்தை வெச்சுக் கத்துக்கிட்டவ. எனக்கு செவ்வாய்க்கிழமை டீச்சரா?"

"நீங்க சொல்லிக் குடுங்க அப்ப."

"அதுக்கும் நான் வரலை."

அவன் அட்டையைக் குளிர்பெட்டி மேல் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனான். நான் எடுத்தேன். பிறகு ஒட்டினேன். மறுபடி எடுத்தேன், மறுபடி ஒட்டினேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. புதிய துணி எதுவும் எடுக்கவும் கை வரவில்லை. தையல் சட்டத்தில் இந்தத் துணித் தெருவை மாட்டியிருக்கிறேன். அதைத் தாண்டி ஜன்னலுக்குப் போகிறேன், ஜன்னலிலிருந்து திரும்பி அதைத் தாண்டுகிறேன், ஒவ்வொரு முறையும் உன் இரண்டு கதவு.

ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன் என்கிறாய். மூன்று மாதம் உன் மடியில் கிடந்த கோடு. கண் நன்றாக இருக்கிறது என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் எது நன்றாக இல்லை என்று நீயே யோசித்துப் பார்.

நான் பிரிக்கப் போகிறேன். நூலைத் தனியாகச் சுற்றி அனுப்புகிறேன்.

தோரா

*

யூமா
ஜனவரி 12

தோரா,

படத்தைப் பார்த்தேன். கோடு இருக்கிறது. நீ சொன்னது சரி.

ரோசால்பாவிடம் காட்டவில்லை. அவளும் அன்றைக்குப் பார்த்தாளே, கோடு இல்லை என்றாளே என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அவளை நான் கூப்பிட்டேனா, இல்லை கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை. போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டால்?

நீ யோசிக்கச் சொன்னாய், யோசித்தேன். நவம்பரில் ஒரு நாள் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனேன். கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டுக்காரரை ஸ்டான் என்று கூப்பிட்டேன். அப்போது இரண்டு பேரும் சிரித்தோம். என் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். அவளும் முதலில் இப்படித்தான், இல்லாததைப் பார்க்கவில்லை, இருந்ததைப் பார்க்காமல் விட்டாள். அடுப்பு எரிகிறது என்று எல்லாரும் சொல்ல, 'எங்கே எரியுது' என்று அதன் மேல் கை வைத்தாள். அப்போது அவளுக்கு எழுபத்தாறு. எனக்கு மார்ச்சில் எழுபத்தாறு.

டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். நல்ல செய்தி சொன்னதாக நினைத்துச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை நூல் பெட்டியை எங்கள் டிரெய்லர் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் வைத்துவிட்டு வந்தேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. சட்டத்தையும்தான். ஊசியைக் கையில் எடுத்தால் முன்னால் என்ன இருக்கிறது, எதை நான் பார்க்காமல் விடுகிறேன் என்று தடவிக்கொண்டே இருக்கிறேன். அதற்குத் தைக்காமல் இருக்கலாம். வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். காற்று வேறு ஓயவே இல்லை, தகரக் கூரை ஆடுகிறது. தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேன்.

கோடி அறையைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. நல்லவேளை நீ சம்மதிக்கவில்லை. வந்திருந்தால் என்னை நீ பார்த்துக்கொள்ள வேண்டியதாகியிருக்கும். அதற்காக நான் கூப்பிடவில்லை.

வீட்டைப் பிரித்துவிடு. நூலை அனுப்ப வேண்டாம், வைக்கப் பெட்டி இல்லை.

மற்ற நாலு பேருக்கும் பிரதி அனுப்பியிருக்கிறேன், நீ கேட்டபடி.

மாக்சின்

*

ஆர்போர்க்
ஜனவரி 20

மாக்சின்,

உன் தலையில் ஒரு கோளாறும் இல்லை. நீ துணியை விரித்தபோது கோடு இல்லை. நீ பார்த்தது சரி. இந்த மூன்று வாக்கியத்தையும் இன்னொரு முறை படித்துவிட்டு மீதியைப் படி.

லோர்ன் உனக்கு ஆறு முறை தொலைபேசியில் கூப்பிட்டான். நீ எடுக்கவில்லை. அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் கடிதம் வியாழன் காலையில் வந்தது. அதைப் படிக்காமல் ஓரமாக வைத்துவிட்டேன். பிரிக்கிற வேலையை முதலில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வில்மாவின் இறுக்கத்தால் துணி கோணியிருந்தது. துளைகளை எண்ணிப் பிரிக்க வேண்டுமானால் முதலில் நேராக்க வேண்டும். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். ஈரத்துணியை விலக்கினேன். கோடு இல்லை.

எழுத்தும் இல்லை. உன் வானத்துக்குள் வெறும் வெள்ளைக் கான்வாஸ்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வேறு கண்ணாடி போட்டேன். ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். திருப்பிப் பார்த்தேன். பிறகு புகைப்படத்தின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். படத்தில் இருக்கிறது, துணியில் இல்லை. அப்போதுதான் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். ஏன் அந்த நேரம் என்று தெரியவில்லை. கையில் ஏதாவது வேண்டியிருந்தது. படித்தேன். மாக்சின், ஒரு பிற்பகல் முழுவதும், லோர்ன் வரும்வரை, எனக்கும் அதுதான் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பை இரண்டு முறை போய்த் தொட்டுப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

லோர்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே என்னை வின்னிபெக்குக்கு ஏற்றியிருப்பான். அவன் உள்ளே வந்ததும் துணியைச் சுருட்டிக் கதவுக்கு வெளியே, சூடு இல்லாத முன்கொட்டகையில் எறிந்தேன்.

"என்னம்மா, மாக்சின் ஆண்ட்டி மேல இன்னும் கோவமா?"

"எல்லார் மேலயும் கோவம். காப்பி வேணும்னா நீயே போட்டுக்க."

மறுநாள் காலை கொட்டகையில் மைனஸ் இருபத்தொன்பது. துணியை எடுத்து விரித்தால் கோடு இருக்கிறது. 'தோராவின் மனை, தொடாதே', ஒவ்வொரு எழுத்தும். மறுபடி இஸ்திரி போட்டேன்: போய்விட்டது. மறுபடி கொட்டகையில் வைத்தேன்: வந்துவிட்டது. நாலு முறை செய்தேன். பிறகு அந்த ஊதாப் பேனாவைத் தேடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, மூடியில் எறும்பளவு எழுத்தில் இருந்ததைப் படித்தேன். சூடு பட்டால் மறையுமாம். குளிரில் திரும்பி வரும் என்பதை அவர்கள் எழுதவில்லை, எழுத வெட்கமாக இருந்திருக்கும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபரில் நானும் வில்மாவும் தையல் கண்காட்சிக்காகப் பேருந்தில் வின்னிபெக் போனோம், அன்றைக்கு அங்கே ஒரு கடையில் வாங்கியது. வில்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த மூக்குவளையம் போட்ட பொண்ணு சொல்ல வந்தாளே தோரா! 'இது சூட்டுக்கு'ன்னு ஆரம்பிச்சா. நீதான் 'பேனா வாங்க எனக்குப் பாடம் எதுக்கு, மீதியைக் குடு'ன்ன. பேருந்துல வர்ற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கிட்டு வந்த."

"நீ ஏன் அப்பவே எனக்குச் சொல்லலை?"

"சொன்னா கேக்குற ஆளா நீ?"

ஆகஸ்டில் உன் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் மூன்று மணி நேரம். டிசம்பரில் லோர்னின் வண்டித் தொட்டியில் இரண்டு நாள். கோடு உன்னிடம் மறைந்தது, என்னிடம் வந்து முளைத்தது. நடந்தது இவ்வளவுதான். குழாயை மூட மறப்பது எல்லாருக்கும் நடப்பது. நான் முப்பது வயதிலேயே மறந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரை ஸ்டான் என்று கூப்பிட்டது ஸ்டான் இல்லாததால். ரோசால்பாவைப் போய்க் கேள்; அவளைக் கூப்பிட்டாய்தான். அந்த உருளைக்கிழங்குப் பேச்சை நீ கற்பனை செய்திருக்க முடியாது, உனக்கு அவ்வளவு வாய் கிடையாது.

ஜனவரி இரண்டாம் தேதி நான் எழுதிய கடிதத்தில், 'எது நன்றாக இல்லை என்று நீயே யோசித்துப் பார்' என்ற வரியை அடித்துவிடு. அதை எழுதியது தவறு. எழுதும்போதே உன் அம்மா நினைவுக்கு வந்தாள், வந்த பிறகும் எழுதினேன். இதைவிட நீளமாக என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒன்று. நீ ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம், 'ஏன் எனக்கு இரண்டு மனை?' என்று. கேட்காமல் கட்டினாய். அது உன் பங்கு, அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

ஜூலைக் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதினேன். மூன்றையும் அடுப்பில் போட்டேன். வருகிறேன் என்று எழுதினால் இந்த வீட்டில் இனி என்னால் முடியாது என்று நானே ஒப்புக்கொண்டதாகும், லோர்ன் ஜெயித்துவிடுவான். வரமாட்டேன் என்று எழுதவும் கை போகவில்லை. அதனால் வில்மாவின் தையலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன்.

வீட்டைப் பிரிக்கவில்லை. ஒரு தையல்கூட. இனி ஆக வேண்டியது:

நீ: இதைப் படித்து முடித்ததும் எழுந்து பொதுக்கூடத்துக்குப் போ. நூல் பெட்டியையும் சட்டத்தையும் திரும்ப எடு. யாராவது எடுத்துப் போயிருந்தால் கதவைத் தட்டிக் கேள். வெட்கப்படாதே, நான்தான் கேட்கச் சொன்னேன் என்று சொல்.

நீ: தொலைபேசி அடித்தால் எடு.

நான்: மற்ற நாலு பேருக்கும் எழுத வேண்டும். பேனாவைப் பற்றி, கடைக்காரப் பெண்ணைப் பற்றி, எல்லாம். நேற்றே எழுதிவிட்டேன்.

வில்மா: அந்தக் கடைக்கு அடுத்த முறை போகும்போது அந்தப் பெண்ணிடம் அவள் சொன்னது சரி என்று சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

லோர்ன்: முப்பத்தொன்றாம் தேதி குடியிருப்புக்குப் போன் செய்து, மூன்றாவது மாடி வேறு யாருக்காவது போகட்டும் என்று சொல்ல வேண்டும். வீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. நான் இல்லாதபோது சூட்டைப் பதினைந்துக்குக் கீழே இறக்கக் கூடாது, குழாய் வெடிக்கும். பிப்ரவரி ஆறாம் தேதி காலை என்னை வின்னிபெக் விமான நிலையத்தில் விட வேண்டும். கேட்டதும் "நிஜமாவாம்மா?" என்று நாலு முறை கேட்டான். பிறகு அந்த அட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து அவனே எடுத்தான்.

ரோசால்பா: அன்று மாலை ஃபீனிக்ஸ் விமான நிலையத்துக்கு வேன் கொண்டுவர வேண்டும். மில்க்‌ஷேக் கொட்டியதைக் கழுவிவிட்டு.

நீ: கோடி அறையில் ஜன்னலோரம் மேசை போடு. வெளிச்சம் என் இடது தோளுக்கு மேலே விழ வேண்டும். படுக்கையை நீ நகர்த்தாதே, நான் வந்து பார்த்துச் சொல்கிறேன். நான் ஏப்ரல் கடைசிவரைதான். அதற்கு மேல் என்ன என்று அப்போது பேசலாம், இப்போது கேட்காதே.

நான்: பேனாவைக் கொண்டுவருகிறேன். வெள்ளைத்துணியில் கோடு போட்டு உன் கார் முன்கண்ணாடிக்கு அடியில் மூன்று மணி நேரம் வைத்து, அது மறைவதை உன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பிப்ரவரி வெயில் போதவில்லை என்றால் போதும் வரை இருக்கலாம்.

நீ: கூரையின் ஏழாவது வரிசையை மட்டும் பிரித்து, இரண்டு நீலத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து தைக்க வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

நான்: கேக் கொண்டுவருகிறேன். ஐந்து அடுக்குதான், இரண்டை லோர்ன் தின்றுவிட்டான்.

வலப்பக்கக் கதவின் கைப்பிடி: நான். அங்கே வந்து.

தோரா